லாடத்தின் வாயை அடைத்த மேளம்: வேலூரில் நான்கு மாலை ஹிப் ஹாப், ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் மாலையில் வட்டம் ஒன்பது நிமிடம்தான் தாங்கியது. காட்பாடிப் பக்கம் ஒரு குடியிருப்பின் பின்னால், சிமென்ட் தரை போட்ட காலி இடம். 40 பேர் சுற்றி நின்றார்கள். முதல் பையன் இறங்கி ஆடத் தொடங்கியதும் கைபேசிகள் உயர்ந்தன. படம் எடுப்பவருக்கு மறைக்கக் கூடாதென்று எதிரே நின்றவர்கள் ஒதுங்கினார்கள். வட்டம் லாடமாகிவிட்டது. லாடத்தின் திறந்த வாயில் கேமரா. அடுத்து இறங்கியவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தே ஆடினார்கள். முதுகுப் பக்கம் நின்றவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை, டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மேடையே வேண்டாமென்று கூடிய இடத்தில் மேடை தானாக முளைத்தது.

ஏப்ரல் முதல் ஜூலை வரை, மாதம் ஒன்றாக நான்கு ஜாம், அதாவது போட்டியில்லாமல் கூடி ஆடிப் பாடும் மாலை. அவற்றில் என்ன செய்தார்கள், எது கெட்டது, எதனால் கெட்டது, எப்படிச் சரியானது என்பதுதான் இந்த ஆய்வு. நடத்தியவர்கள் 14 பேர். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மற்றவர்களில் ஆம்பூர்ச் செருப்புக் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், மெடிக்கல் கடையில் நிற்பவர் இருக்கிறார், நடன வகுப்பு எடுப்பவர் இருக்கிறார். பெயர்கள் இங்கே தேவையில்லை.

எல்லாருமே கல்லூரிக் கல்ச்சுரல்ஸ்களில் பரிசு வாங்கியவர்கள். அழைப்பிதழில் ‘ஹிப் ஹாப்’ என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் நான்கு நிமிடத்துக்கு வெட்டி ஒட்டிய பாட்டு ஒரு பென் டிரைவில் இருக்கும். எட்டுப் பேருக்கு ஒரே நிறச் சட்டை. நடுவர் மேசை ஒரே பக்கம். டிஜே என்பவர் ப்ளே பட்டனை அழுத்துபவர். ராப் என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்கு வாயசைப்பு. அடுத்த நொடி என்ன தாளம் விழும் என்பது ஆடுகிறவருக்கு இரண்டு மாதமாகத் தெரியும். தெரியாத தாளத்துக்கு உடம்பு என்ன பதில் சொல்கிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கலையே பிறந்தது. அதை எடுத்துவிட்டுத் தொப்பியையும் தொளதொளச் சட்டையையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

போட்டியாக்கியதால்தான் கெட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அதை முழுக்க ஏற்க முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹிப் ஹாப் நடனமான பிரேக்கிங் நடந்தது. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விஸார்டும் தங்கம் வாங்கினார்கள். ஒலிம்பிக்கானாலும் அங்கே பாட்டை டிஜே அந்த நேரத்தில்தான் போட்டார், ஆடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. நுட்பம், அசைவு வளம், செய்நேர்த்தி, இசையுணர்வு, தனித்தன்மை என்று ஐந்துக்கும் சம மதிப்பு. நம் கல்லூரி மேடையில் இந்த ஐந்தில் கடைசி இரண்டைக் கேட்க ஆளில்லை. போட்டி இருப்பது பெரிய குற்றமில்லை. டிஜேயும், மைக் பிடித்துக் களத்தை நடத்தும் எம்சியும் இல்லாமல் போட்டி நடத்துவதுதான் குற்றம்.

வேருக்குத் திரும்புவது என்றால்

குழுவின் முதல் யோசனை எல்லாருக்கும் வருகிற யோசனைதான்: பழைய மாதிரி டிராக் சூட், தோளில் ரேடியோ, நியூயார்க் பாட்டு. அதைக் கைவிட்டது நல்லதாயிற்று. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடியின் பொழுதுபோக்கு அறையில் நடந்த, ஹிப் ஹாப்பின் பிறப்பாகச் சொல்லப்படும் விருந்தை ஒரு பொறியாளர் கண்ணோடு பார்த்தால் வேறு விஷயங்கள் கிடைக்கும்.

விருந்தை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பெல் என்ற பெண். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசை போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், டிஜே கூல் ஹெர்க், அப்போது வயது 18. குடும்பம் ஜமைக்காவிலிருந்து வந்தது. தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் பழக்கம் அந்த ஊரிலிருந்து கூடவே வந்தது. பாட்டு ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டும் முறையை வளர்த்தார். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். அதற்கு ஆடியவர்கள் பிபாய், பிகேர்ள்.

இதிலிருந்து குழு எடுத்துக்கொண்டது நான்கு: வீட்டுக்குப் பக்கத்து இடம், கைக்கு எட்டிய ஒலிபெருக்கி, கையால் நீட்டிய பிரேக், ஏற்பாட்டில் முதல் ஆளாக ஒரு பெண். உடை இந்தப் பட்டியலிலேயே இல்லை.

பிராங்ஸின் நடுவே வீடுகளை இடித்துக்கொண்டு ஒரு விரைவுச்சாலை போனது. 1971 டிசம்பரில் சண்டை கும்பல்கள் ஹோ அவென்யூவில் கூடிச் சமாதானம் பேசின. அந்தச் சூழல் தெரியாமல், ஏழைத் தெருக்களின் வாழ்வைப் பாடிய ‘தி மெசேஜ்’ ராப் பாட்டு 1982இல் ஏன் வந்தது என்று புரியாது. டிஜே, எம்சி, பிரேக்கிங், கிராஃபிட்டி என்ற சுவரெழுத்து ஆகிய நான்கோடு அறிவை ஹிப் ஹாப்பின் ஐந்தாவது கூறு என்று பழையவர்கள் வைத்ததும் இதனால்தான். வேலூருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அந்த வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். அதே ஊரில் மைக் பிடிக்கிறவன் பிராங்ஸ் தெருப் பெயரைச் சொல்லி ராப் பாடினால் எப்படி?

தரை

முதல் மாலை வெறும் சிமென்ட் தரை. இரண்டு பேருக்கு உள்ளங்கை தேய்ந்தது, ஒருவருக்கு முழங்கையில் ரத்தம். இரண்டாம் மாலைக்கு யாரோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து விரித்தார்கள். அது இன்னும் ஆபத்து. வியர்வை பட்டதும் ஃப்ளெக்ஸ் எண்ணெய் தடவினாற்போல வழுக்கும், காலடியில் சுருங்கி மடியும். ஆறு அடி வைத்துச் சுற்றும் சிக்ஸ் ஸ்டெப்பில் கால் மடிப்பில் சிக்கி ஒருவர் மணிக்கட்டில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, மூன்று வாரம் கட்டோடு இருந்தார்.

மூன்றாம் மாலையில் நிலைத்த ஏற்பாடு இது. அடியில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்கு. விற்பனைக் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள். மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது, செங்கல் கட்டுவது போல மாற்றி அடுக்க வேண்டும். அதன் மேல் 4 மீட்டருக்கு 4 மீட்டர் வினைல் விரிப்பு, 172 சதுர அடி. சுருட்டி வந்த விரிப்பை உடனே ஒட்டக் கூடாது. வேலூர் வெயிலில் வினைல் விரியும். நிழலில் இருந்து எடுத்துவந்து சூடான தரையில் உடனே ஒட்டினால் அரை மணியில் நடுவில் புடைக்கும். ஒரு மணி நேரம் சும்மா விரித்துப் போட்டுவிட்டுப் பிறகு ஒட்டினால் படியும். பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் தூசியிலும் சூட்டிலும் பிடிக்காது. துணி டேப்தான், அதுவும் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக் காயவிட்ட பிறகு.

மே மாதம் மாலை 5 மணிக்கு அந்தச் சிமென்டில் வெறுங்கை வைக்க முடியாது. 6:15க்குத் தொடங்கினார்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தரை இருட்டிய பிறகும் விடுகிறது. அட்டை அடுக்கு அதையும் கொஞ்சம் தடுத்தது.

ஒலி

உள்ளூர் மைக் செட் கடையில் எடுத்தார்கள். முதல் மாலைக்கு வந்தவை இரண்டு பாக்ஸும் இரண்டு கூம்புக் குழாயும். கோயில் அறிவிப்புக்குக் கூம்பு சரி, பேச்சு தெளிவாகப் போகும். பிரேக்கின் அடித்தளமான கிக் டிரம், காலால் மிதித்து அடிக்கும் பெரிய மேளம், அதில் வராது. கூம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பாக்ஸ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பாக்ஸ்களைக் களத்தின் இரண்டு கோடியில், 14 மீட்டர் இடைவெளியில் வைத்தது அடுத்த பிழை. கல்யாண வீட்டில் அப்படி வைப்பதால் வந்த பழக்கம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு பாக்ஸின் பக்கத்தில் நிற்பவருக்கு எதிர்ப் பாக்ஸின் அடி 40 மில்லி நொடி பிந்தி வரும். ஒரே கிக் இரண்டாகக் கேட்கும். ஆடுகிறவர் எந்த அடியில் உறைவது, அதாவது சட்டென்று அசையாமல் நிற்பது, என்று தடுமாறுவார். அன்றைக்கு எல்லாரும் தாளம் பிசகியதற்கு அவர்கள் மேல் குறை இல்லை. இரண்டையும் டிஜே மேசையின் இருபுறம் ஒரே வரிசையில் வைத்ததும் குழப்பம் தீர்ந்தது. கிக் கூடுதல் அழுத்தமாகவும் கேட்டது.

மைக் செட்காரர்கள் மைக்கில் எக்கோவை எப்போதும் கொஞ்சம் ஏற்றியே வைத்திருப்பார்கள். ராப்புக்கு அது விஷம். வேகமாகச் சொல்லும் சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். எக்கோவை முழுக்க நிறுத்தச் சொல்ல வேண்டும், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளையிடும், சொல்லும் மூக்கடைத்தது போல வரும். கழுத்தைப் பிடித்தால் சரி. லேப்டாப்பைச் சார்ஜரோடு மிக்ஸரில் இணைத்தபோது ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்தது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் போனது.

காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. ஆஸ்பத்திரி சூழ்ந்த வேலூர் நடு ஊரில் இந்த 100 மீட்டரைத் தாண்டி ஓர் இடம் பிடிப்பதே பாதி வேலை. பாக்ஸின் முகம் வீடுகளைப் பார்க்காமல் வயலைப் பார்க்க வைத்தார்கள். 8:30க்கு நிறுத்தினார்கள். குடியாத்தம், ஆம்பூர் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்களுக்கும் அதுவே சரியான நேரம்.

பிரேக்கைக் கையால் நீட்டுவது

இந்த நான்கு மாதத்தில் நேரம் அதிகம் விழுங்கியது இதுதான். கொடுத்த நேரத்துக்குத் தகுந்த பலனும் இதில்தான் வந்தது.

இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. 110 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 110 அடியில், இரண்டு பார் (ஒரு பாருக்கு 4 அடி) நீளமுள்ள பிரேக் என்றால் 8 அடி, 4.36 நொடி. அதாவது 2.42 சுற்று. தட்டின் லேபிளில் பிரேக் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அதைக் கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில் வைத்துத் தொடங்கினால், பிரேக் முடியும்போது கோடு இரண்டு முழுச் சுற்றைக் கடந்து 5 மணிப் பக்கம் நிற்கும். மற்ற தட்டில் பிரேக் ஓடும் அந்த 4.36 நொடிக்குள் முதல் தட்டை இரண்டு சுற்றும் 5 மணியிலிருந்து 12 வரையும் பின்னால் சுழற்றி, பிடித்து, அடி விழும் கணத்தில் விட வேண்டும். பிராங்ஸின் இன்னொரு டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் தட்டில் கிரேயானால் குறி போட்டு இதை ஒரு கணக்காகவே ஆக்கினார். ஹெர்க் குத்துமதிப்பாகச் செய்ததை அவர் அளந்து செய்தார்.

இரண்டு டர்ன்டேபிளும் தட்டுகளும் இந்தக் குழுவுக்குக் கட்டுபடியாகாது. லேப்டாப்பில் உள்ள பாட்டை இரண்டு தட்டு போலச் சக்கரங்களால் இயக்கும், இரண்டு டெக் உள்ள பழைய கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினார்கள். அதன் சக்கரத் திரையில் ஓடும் வெள்ளைக் கோடும் அதே 33⅓ கணக்கில் சுற்றுவதால் பயிற்சி அப்படியே பொருந்தும். இரண்டு விதி வைத்தார்கள்: இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனைத் தொடக் கூடாது, ஒரே துண்டைத் தானாகத் திரும்பப் போடும் லூப் பட்டனைத் தொடக் கூடாது. முதல் விதி காது வளர. இரண்டாவது விதியைப் பலர் பழமைவாதம் என்பார்கள், ஆனால் காரணம் களத்தில் தெரிந்தது. மென்பொருள் லூப் அச்சுப் பிசகாமல் திரும்பும். நாலாவது தடவைக்குள் கூட்டத்தின் காது அதை மறந்துவிடும். கையால் திருப்பினால் ஒவ்வொரு தடவையும் ஒரு இம்மி வேறுபடும். டிஜே ஒரு அடியை விழுங்குவார், ஒரு அடியை இரட்டிப்பார். ஆடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு உறைவார். அந்த ஒரு கணத்துக்குக் கூட்டம் கத்தியதை மூன்றாம் மாலையில்தான் முதல்முறையாகக் கேட்க முடிந்தது.

ஆட்டத்துக்கு 110 முதல் 125 பிபிஎம் நன்றாக இருந்தது, ராப்புக்கு 90. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஆடுகிறவர்களுக்கு உடம்பு ஆறிவிடும், தசை பிடிக்கும். 20 நிமிடம் ஆட்டம், 15 நிமிடம் மைக் என்று தொகுதியாகப் பிரித்தார்கள்.

பறையும் கணினியும்

பழைய சினிமாப் பாட்டுகளில் அருமையான டிரம்ஸ் இடைவெளிகள் இருக்கின்றன. ஆனால் பொது இடத்தில் போட உரிமம் வேண்டும், காணொளியாக ஏற்றினால் உரிமைக் கோரல் வந்துவிடும். அதனால் தங்கள் பிரேக்கைத் தாங்களே பதிவு செய்ய முடிவு செய்தார்கள். ஊரில் பறை அடிப்பவர்கள் மூவரை அழைத்தார்கள். ஒரு மாலைக்கு ஆளுக்கு 1,000 ரூபாய். பதிவுக்குத் தனியாக அதே தொகை, பதிவில் அவர்கள் பெயர் முதலில். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மண்ணிலிருந்து, அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021இல் உலகம் சுற்றியபோது, யாருக்கு எவ்வளவு பெயர் என்ற சண்டைதான் கடைசியில் பெரிதாகக் கேட்டது. மண்ணின் ஒலியை எடுத்து, அடித்த கையை மறப்பது ஹிப் ஹாப்பில் புதிதல்ல. பல அமெரிக்கப் பாட்டுகளின் அடியில் ஓடும் பிரேக்கை வாசித்த டிரம்மர்களுக்கும் காசு போகவில்லை.

பதிவின் முதல் முயற்சி வீண். காதில் கிளிக் சத்தம் வைத்து அதற்கு அடிக்கச் சொன்னார்கள். அடி உயிரில்லாமல் வந்தது. கிளிக்கை எடுத்துவிட்டு அவர்கள் போக்கில் விட்டபோது 16 பாரில் வேகம் 96இலிருந்து 101க்கு ஏறியது. கூட்டம் சூடேறும்போது அப்படி ஏறுவதுதான் பறையின் இயல்பு. கணினிக் கட்டத்தில் அதை நேராக்கினால் கெட்டுவிடும். இரண்டு இரண்டு பாராக வெட்டி வைத்துக்கொண்டு, வேகத்தை டிஜே பிட்ச் ஸ்லைடரால் கையில் சமாளித்தார். 96க்கும் 101க்கும் வித்தியாசம் 5 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். ஸ்லைடர் கூட்டலிலும் கழித்தலிலும் 8 வரை போகும், எனவே இடம் இருந்தது.

அடுத்த சிக்கல் தாளக்கட்டு. அன்று வாசித்த அடி மும்மூன்றாக நடப்பது, ஹிப் ஹாப் நாலு நாலாக நடப்பது. பறையின் மூன்று தட்டை ஒரு அடியாக எண்ணினால் 12 தட்டு ஒரு பாரில் சரியாக உட்காரும். உட்காராதது ஹை ஹேட், டிரம்ஸில் இரட்டைத் தாளத்தட்டு. அது பாருக்கு 8 சமத் தட்டாக ஓடுவதால் 12 தட்டோடு இடித்துக்கொண்டே இருக்கும், கரகரவென்று கேட்கும். தீர்வு இரண்டு: ஹை ஹேட்டையே எடுத்துவிடுவது, அல்லது இரண்டாவது தட்டைக் கொஞ்சம் பிந்தி விழவைக்கும் ஸ்விங் அளவை 66 விழுக்காட்டுக்கு வைத்து மும்மைக் கட்டத்தில் விழச் செய்வது. குழு எடுத்துவிட்டது. பறையை அடிக்கும் மெல்லிய குச்சியான சிண்டுக்குச்சியின் ஓசையே அந்த இடத்தை நிரப்பியது.

களத்தில் பறையைக் காய்ச்ச இடம் ஒதுக்க மறந்திருந்தார்கள். தோல் தளர்ந்தால் ஓசை மங்கும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அனலில் காட்ட வேண்டும். வினைலுக்கும் வயருக்கும் பக்கத்தில் தீ மூட்ட முடியாது. 10 மீட்டர் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழே, ஒரு வாளித் தண்ணீரோடு இடம் வைத்தார்கள். மே, ஜூனில் ஒரு தடவை காய்ச்சினால் அரை மணிக்கு மேல் நின்றது. அவசரப்பட்டு அனலுக்கு நெருக்கமாகப் பிடித்தால் தோல் வெடிக்கும். எவ்வளவு போதும் என்பதை அடிப்பவர் விரலால் தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை டிஜே காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மைக் தொகுதி.

வரி

தமிழில் ராப் எழுதுபவர் முதலில் விழும் குழி கடைசிச் சொல் ஒலி. ஆங்கிலத்தில் வரி முடிவில் ஒலி ஒத்துவரத் தேட வேண்டும். தமிழில் வினைமுற்று தானாக ஒத்துவரும்: போறான், வர்றான், தர்றான் என்று நாள் முழுக்கப் போகலாம். உழைக்காமல் கிடைக்கும் இயைபு காதில் நிற்காது. நம் செய்யுள் வரியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் கேட்டது. ராப்புக்கும் அதுதான் வலு. எடுத்துக்காட்டுக்கு இரண்டு வரி:

பாலாறு காஞ்சிப் போச்சு, பாலம் மட்டும் நிக்குது
தோலூறும் தொட்டித் தண்ணி தோட்டத்துல சிக்குது

பாலாறு, தோலூறு என்ற எதுகை. பா-பா, தோ-தொ-தோ என்ற மோனை. ஒவ்வொரு வரியிலும் 14 உயிரொலி. 90 பிபிஎம் வேகத்தில் ஒரு பார் 2.67 நொடி, அதில் 16 கட்டம். 14 போக மீதி இரண்டு மூச்சுக்கு. 16 பார் கொண்ட ஒரு பத்தி சுமார் 43 நொடி ஆகும். புதிதாக எழுதுபவர்கள் 16 கட்டத்தையும் சொல்லால் அடைத்துவிட்டு ஒன்பதாவது பாரில் மூச்சு முட்டி நின்றார்கள். கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஒரு ஒலியாக எழுதி, மூச்சுக் கட்டத்தைச் சிவப்பில் குறித்த பிறகு அது குறைந்தது.

பேச்சு வழக்கில் எழுதுவதா என்ற விவாதம் நடந்தது. ‘இன்னா’ என்று பேசுகிற வாய் மைக்கைப் பிடித்ததும் ‘என்ன’ என்று திருந்திக்கொள்வதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான்காம் மாலைக்குள் பாதிப் பேர் தங்கள் வாய்க்குத் திரும்பிவிட்டார்கள்.

லாடத்தின் வாய்

கேமரா சிக்கலுக்கு வருவோம். இரண்டாம் மாலையில் கைபேசியைத் தடை செய்து பார்த்தார்கள். முணுமுணுப்பும் கோபமும்தான் மிச்சம். பாதிப் பேர் ஒளித்து எடுத்தார்கள். தீர்வு தெருக்கூத்திலிருந்து வந்தது. பழைய வடார்க்காட்டின் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை முதல் இந்தப் பகுதி முழுக்கக் கூத்துக் களரியில் மூன்று பக்கம் சனம் உட்காரும், நாலாவது பக்கம் மேளக்காரர்கள். லாடம் அங்கேயும் உண்டு, ஆனால் அதன் வாயில் இசை உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் மாலையில் டிஜே மேசையையும் பாக்ஸையும் பறைக்காரர்களையும் அந்தத் திறந்த வாயில் வைத்தார்கள். கேமரா வைக்க நினைத்தவருக்கு அங்கே இடமில்லை. படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், அவரவர் நின்ற இடத்திலிருந்து. ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று ஆளைப் பார்த்தார், இல்லையென்றால் இசையைப் பார்த்தார். களத்தின் குறுக்களவு 5 மீட்டர். முன்வரிசை தரையில் உட்கார்ந்தது, இரண்டாம் வரிசை நின்றது. யாரும் டீக்கடைக்குப் போகவில்லை.

எம்சிக்கும் கூத்திலேயே முன்மாதிரி இருந்தது, கட்டியங்காரன். அவன் வருகிறவரை அறிவிப்பான், கூட்டத்தோடு பேசுவான், தொய்ந்த இடத்தில் சிரிக்கவைப்பான். கல்லூரித் தொகுப்பாளரைப் போலப் பட்டங்களை வாசிப்பதை விட்டுவிட்டு இந்த வேலையைச் செய்ததும் எம்சி களத்துக்குள் வந்துவிட்டார்.

முதல் இரண்டு மாலையும் வந்த பெண்கள் யாரும் இறங்கவில்லை. பெண்களுக்கு மட்டும் ஒரு சுற்று விடலாம் என்றபோது அவர்களே மறுத்துவிட்டார்கள். அது தனியாகத் தூக்கிக் காட்டுவதாகும் என்றார்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று வரிசை சொல்லும் பொறுப்பு எம்சிக்கு வந்தது. மூன்றாம் மாலையிலிருந்து அனுமதி, வாடகை, நேரம் மூன்றையும் கவனித்தவர் ஒரு பெண். இந்த இரண்டுக்கும் பிறகு நான்காம் மாலையில் ஐந்து பெண்கள் இறங்கினார்கள். முன்பு தயக்கம் போலத் தெரிந்தது வரிசை இல்லாததன் விளைவு. முட்டி மோதி நுழைகிறவருக்கே இடம் என்றால் நுழையப் பழகியவர்கள்தான் நுழைவார்கள்.

செலவும் மிச்சப் பிழையும்

நான்காம் மாலைச் செலவு: மைக் செட் 4,000, பறை மூவருக்கு 3,000, தண்ணீர், டேப், ஆட்டோ 900. வினைல் ஒரு தடவைச் செலவு, 4,300. பரிசு இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. துண்டை விரித்து வசூலித்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மீதியை 14 பேரும் பகிர்ந்துகொண்டார்கள். இது நெடுநாள் ஓடாது. கூல் ஹெர்க் வீட்டு விருந்துக்கே 25 சென்ட் வாங்கினார்கள், 20 ரூபாய் வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை என்பது எங்கள் கருத்து.

கிராஃபிட்டி தோற்றது. சுவர்க்காரரின் அனுமதியோடு ஒரு சுவர் கிடைத்தது, ஆனால் ஆங்கில எழுத்தின் கூர்முனைப் பாணியைத் தமிழின் வளைவுகளில் திணித்தார்கள், படிக்க முடியவில்லை. அரசியல் சுவரெழுத்து எழுதும் ஓவியர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ‘ஐ’ எழுத்தின் சுழியை ஒரே இழுப்பில் போடுகிற கை அவர்களுடையது. அவர்களிடம் போகாதது பிழை. ஸ்ப்ரே டப்பாக்களை வெயிலில் வைத்திருந்தது அதைவிடப் பெரிய பிழை. 50 டிகிரிக்கு மேல் சூடேற விடக் கூடாது, வெடிக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது.

டிஜே இன்னும் ஒருவர்தான். அவர் வராத நாள் ஜாம் இல்லை. செருப்புக் கம்பெனிக்குப் போகிற ஒருவர் இப்போது ஷிஃப்ட் முடிந்து வந்து கன்ட்ரோலரில் பழகுகிறார். கோடு 5 மணிக்கு வந்ததும் கை திரும்ப வேண்டும், அவருக்கு இன்னும் 6 மணி ஆகிறது. கார்த்திகையில் அடுத்த ஜாம் என்கிறார்கள். அப்போது பனி இறங்கும், பறைத் தோல் கால் மணிக்கொரு தடவை அனல் கேட்கும். தீ மூட்டும் இடத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.